இராயனுக்கு எவ்வளவு?

வாசகர் ஒருவர் எழுதியது, 2024 பெப்ரவரி 10

"தனிமனித சுதந்திரமும் எல்லை தெரிந்த அரசாங்கமும் கிறிஸ்தவ விசுவாசத்தில் பிறந்தவை. அந்த வேர் இல்லாத நாட்டில் அரசியலமைப்பை எவ்வளவு அழகாக எழுதினாலும் அது நிற்காது. இலங்கையே அதற்குச் சாட்சி. மறுக்க முடியுமா?"

பெப்ரவரி 11, இரவு

பாதியை மறுக்கலாம். நான் மெதடிஸ்த சபைக்காரன், மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். அரசாங்கத்தையும் சபையையும் உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒத்துக்கொள்ளும் பாதியை முதலில் சொல்கிறேன். மத்தேயு 22இல் இராயனுக்கு, அதாவது ரோமச் சக்கரவர்த்திக்கு, வரி கொடுக்கலாமா என்று இயேசுவிடம் கேட்கிறார்கள், அவர் வரிக்காசைக் காட்டச் சொல்கிறார். இராயனுடையதை இராயனுக்கும் தேவனுடையதைத் தேவனுக்கும் கொடுங்கள் என்று பதில் வருகிறது. அரசன் கேட்பதெல்லாம் அரசனுக்கு உரியதல்ல என்று அதற்குள் இருக்கிறது. ரோமச் சக்கரவர்த்தியைத் தெய்வமாகக் கும்பிட்ட காலத்தில் இதைச் சொல்வது சின்ன விஷயமில்லை. அதற்கும் முன்னால் 1 சாமுவேல் 8 இருக்கிறது. சனங்கள் ராஜா வேண்டும் என்று நிற்கிறார்கள். தீர்க்கதரிசி சாமுவேல் பட்டியல் போடுகிறார்: உங்கள் பிள்ளைகளைப் படைக்கு எடுப்பான், நல்ல வயலையும் தோட்டத்தையும் எடுத்துத் தன் ஆட்களுக்குக் கொடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்று வாங்குவான், கடைசியில் நீங்களே அவனுக்கு வேலைக்காரர். காணிப் பிரிவில் வேலை செய்த எனக்கு அந்தப் பகுதி வேதாகமம் மாதிரித் தெரியவில்லை, அலுவலகக் கோப்பு மாதிரித்தான் தெரிந்தது.

அப்புறம் ரோமர் 13. அதிகாரத்துக்குக் கீழ்ப்படி என்று பவுல் எழுதியது. எந்த அரசாங்கம் வந்தாலும் அதன் ஆட்களுக்குப் பிடித்த பகுதி அதுதான். அப்போஸ்தலர் 5இல் மனிதருக்கு அல்ல, தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுரு சொன்னதை எந்தச் சுதந்திர தினக் கூட்டத்திலும் வாசித்து நான் கேட்டதில்லை.

மற்றப் பாதியைப் பிறகு எழுதுகிறேன். கரண்ட் போகப் போகிறது.

பெப்ரவரி 13

மற்றப் பாதி கோட்டைக்குள் இருக்கிறது. மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், வாவிக்கரையில் கனத்த சுவரோடு நிற்கும் கோட்டை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டியதை ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள். பிரித்தானியர் காலத்திலிருந்து கச்சேரி அதற்குள்தான் இருந்தது. நான் வேலை பார்த்த அறையின் ஜன்னல் குழியில் ஒரு ஆள் சம்மணமிட்டு உட்காரலாம், சுவர் அவ்வளவு தடிப்பு. மத்தியானச் சாப்பாட்டுப் பொதியை அதற்குள்தான் வைப்போம், குளிர்ச்சியாக இருக்கும்.

அந்தச் சுவரைத் தன் கையில் வைத்திருந்த ஒல்லாந்தர் நல்ல புரொட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள். 1658இல் அவர்கள் போட்ட கட்டளை என்ன? கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை. அரசாங்க உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்கள் சபையில் ஞானஸ்நானம் எடு. கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகள் 1687இல் பிச்சைக்காரன் வேடத்தில் வந்தது இதனால்தான். கடைசியில் அவருக்கு எங்கே இடம் கிடைத்தது? கண்டியில், இரண்டாம் விமலதர்மசூரியன் என்ற பௌத்த அரசனிடம். முதலில் போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள், பிறகு அதே அரசன் வேலை செய்ய விட்டான். 1711இல் அங்கேயே இறந்தார். 2015இல் பாப்பரசர் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக்கினார்.

கிறிஸ்தவ அரசாங்கம் துரத்திய கிறிஸ்தவக் குருவுக்குப் பௌத்த அரசன் அடைக்கலம் கொடுத்திருக்கிறான். 1626இல் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களைச் செனரத் மன்னன் கொண்டுவந்து குடியேற்றியதும் எங்கள் மட்டக்களப்புப் பக்கம்தான். கேள்வி கேட்டவர் இதற்கு ஒரு பதில் சொல்லட்டும்.

பெப்ரவரி 14

பதில் வந்துவிட்டது: "ஒல்லாந்தர் உண்மையான கிறிஸ்தவர்கள் அல்ல, வியாபாரிகள்."

சரி. அப்படிப் பார்த்தால் உண்மையான கிறிஸ்தவன் இன்றுவரை எந்தக் கதிரையிலும் இருந்ததே இல்லை. அந்த அரசாங்கம் வந்தபிறகு கூப்பிடுங்கள், நானும் வருகிறேன்.

பெப்ரவரி 18, ஞாயிறு

மேலே பகிடி எழுதியதில் விஷயம் மறைந்துவிட்டது.

இங்கிலாந்து அரசனின் அதிகாரத்துக்கு எல்லை போட்ட மக்னா கார்ட்டாவைக் கிறிஸ்தவச் சாசனம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஓம், 1215. அதன் முதல் வாசகமே இங்கிலாந்துத் திருச்சபை சுதந்திரமாக இருக்கும் என்பதுதான். பின்னால் நின்று வேலை செய்தவர்களில் கன்டபரி பேராயர் லாங்டன் முக்கியமான ஆள். ஆனால் அதே வருடம் ஆகஸ்டில் அது செல்லாது என்று அறிவித்தவரும் ஒரு கிறிஸ்தவர், மூன்றாம் இன்னொசென்ட் பாப்பரசர். ஜோன் அரசன் அதற்குள் பாப்பரசரின் ஆளாகிவிட்டான். இரண்டு பேர் கையிலும் அதே வேதாகமம்.

என் கணக்கு இப்படி. அதிகாரத்துக்கு வெளியே நிற்கும்போது சபைக்குச் சாமுவேல் ஞாபகம் வருகிறார். உள்ளே போனதும் ரோமர் 13 வந்துவிடுகிறது. 1612இல் லண்டனில் தோமஸ் ஹெல்விஸ் என்ற பப்டிஸ்ட் அரசனுக்கே எழுதினார்: நீரும் சாகும் மனிதன்தான், தெய்வமல்ல, மனிதனுடைய ஆத்துமத்தின் மேல் உமக்கு அதிகாரம் இல்லை. யூதனோ துருக்கனோ (அன்றைய பேச்சில் முஸ்லிம்), யாருடைய நம்பிக்கைக்கும் அரசன் தண்டிக்கக் கூடாது என்றார். நியூகேட் சிறையில் போட்டார்கள், வெளியே வரவில்லை. பைபிளை வைத்துக்கொண்டு சுதந்திரம் பேசியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர். ஆனால் அவரை உள்ளே போட்டவர்களும் காலையும் மாலையும் ஜெபம் பண்ணினவர்கள்தான்.

அதிகாரம் ஆளைக் கெடுக்கும் என்று ஆக்டன் பிரபு எழுதியதை எல்லோரும் அரசியல்வாதிக்கு எதிராக எடுத்துவிடுகிறார்கள். 1887இல் அவர் எழுதியது பாப்பரசர்களின் பழைய கொடுமைகளைப் பற்றி, ஒரு அங்கிலிக்கன் சரித்திரக்காரருக்கு. எழுதிய ஆக்டன் கத்தோலிக்கர். கத்தோலிக்கத் திருச்சபை மதச் சுதந்திரம் ஒவ்வொரு மனிதனின் உரிமை என்று சபையாக எழுதி வைத்தது 1965 டிசம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில். எங்கள் பள்ளிக்கூடத்தில் நாங்கள் கிட்டிப்புள் அடித்துக்கொண்டிருந்த காலம். வேர் பழையதுதான், காய்க்க எடுத்த காலத்தையும் பாருங்கள்.

பெப்ரவரி 19

"வேர் வேர் என்கிறீர்களே, சைவத்தில் இல்லையா?" என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி கோபமாகக் கேட்டிருக்கிறார். கோபம் நியாயம்.

எங்கள் பக்கக் கோயில்களில் வண்ணக்கர் என்ற நிர்வாகிகள் வைத்து நடத்தும் முறை தெரியும்தானே. கோயில் ஒரு ஆளுடையதல்ல. இன்ன குடிக்கு, அதாவது குலத்துக்கு, இன்ன உரிமை, இன்ன திருவிழா, இன்ன மரியாதை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்தப் போடியாராக, பெரிய வயல்காரராக, இருந்தாலும் மற்றக் குடியின் முறையில் கை வைத்தால் அன்றைக்குத் திருவிழா நடக்காது. அதிகாரத்தைப் பிரித்து ஒன்றுக்கு ஒன்று காவல் வைப்பது என்றால் என்ன என்று மேற்கத்தியச் சட்டப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை, கொக்கட்டிச்சோலைக் கோயிலில் போய்ப் பார்க்கலாம்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை பாடுகிறார்களே, அதில் என்ன நடக்கிறது? ஒரு சாதாரணப் பெண் அரச சபைக்குள் போய் நீ தேராத மன்னன் என்கிறாள், அரசன் விழுந்து சாகிறான். 1 இராஜாக்கள் 21இல் நாபோத்தின் திராட்சத் தோட்டத்தை ஆகாப் ராஜா பிடுங்குகிறான். பரம்பரைக் காணி, தர மாட்டேன் என்று சொன்னதுதான் நாபோத் செய்த குற்றம். பொய்ச்சாட்சி வைத்துக் கொல்கிறார்கள். தீர்க்கதரிசி எலியா வந்து ராஜாவின் முகத்துக்கு நேரே கேட்கிறார். கோவலனும் பொய்க் குற்றச்சாட்டில் செத்தவன்தான். இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் போய் உரிமை என்பது கிறிஸ்தவச் சரக்கு என்று சொல்லிப் பாருங்கள். மாட்டுத் தடிதான் பதில்.

பெப்ரவரி 22, காலை

இரவெல்லாம் யோசித்தேன். வண்ணக்கர் விஷயத்தில் ஒன்று சேர்க்க வேண்டும்.

அந்த முறையில் உரிமை குடிக்கு, தனி ஆளுக்கு இல்லை. குடியோடு முரண்பட்டவன், சாதியில் கீழே வைக்கப்பட்டவன், எந்தக் குடியிலும் சேராமல் வந்தவன் யாரிடம் போவது? இந்த இடத்தில் கேள்வி கேட்டவருக்கு நான் ஒரு அடி விட்டுக்கொடுக்கிறேன். மனச்சாட்சி என்ற ஒன்று தனித்தனியாக ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறது, அதற்குள் குடும்பமும் ஊரும் அரசனும் நுழையக் கூடாது என்ற எண்ணத்தைப் பிடிவாதமாகப் பிடித்தவர்களில் கிறிஸ்தவர்கள் முன்னணியில் இருக்கிறார்கள். தகப்பனை எதிர்த்து ஞானஸ்நானம் எடுத்தவர்கள் எங்கள் சபையிலேயே உண்டு. ஊர் அவர்களைத் தள்ளி வைத்தது, அவர்கள் தனியாக நின்றார்கள். அந்தத் தனியாக நிற்கும் இடத்தைக் கொடுத்தது சபை.

அதே சபையில் பிள்ளை சைவப் பெண்ணைக் கட்டினால் என்ன நடக்கும் என்பதையும் கேளுங்கள். அதை இப்போது எழுதினால் ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

மார்ச் 3

அம்பாறை மாவட்டத்துக் கதை. ஊர், ஆள் பெயர் வேண்டாம்.

என் மருமகன் சின்ன சபை ஒன்றின் போதகர். சபை என்றால் அவருடைய வீட்டின் முன் விறாந்தை. தகரக் கூரை, பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு கீபோட், ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், ஞாயிறு ஆராதனை. ஊரார் பெட்டிசம் போட்டார்கள். எனக்குக் கொண்டுவந்து காட்டினார். பெட்டிசம் என்றால் நான் முதலில் கையெழுத்தைத்தான் பார்ப்பேன், பழக்கம். 'பொருள்: அனுமதியற்ற மதத்தலம் தொடர்பாக' என்று அடிக்கோடிட்டு, பந்திக்கு இலக்கமிட்டு, வடிவான எழுத்து. எங்களைப் போல் அலுவலகத்தில் இருந்த யாரோ எழுதிக் கொடுத்தது. கீழே முதல் கையெழுத்து மருமகன் கொப்பியில் கடன் எழுதிச் சாமான் எடுக்கும் கடைக்காரர். சிங்களக் கிராமம் என்று நினைத்துக்கொண்டு வாசிக்கிறீர்கள் என்றால் திருத்திக்கொள்ளுங்கள். தமிழ்க் கிராமம், கடைக்காரர் அம்மன் கோயில் பரிபாலன சபையில் பொருளாளர்.

ஒரு அலுவலகத்தில் கூட்டம் வைத்தார்கள். நானும் போனேன், மாமா என்ற உரிமையில். உத்தியோகத்தர் 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையை எடுத்து வைத்தார். அமைச்சின் அனுமதி இல்லாமல் மதத்தலம் நடத்த முடியாது என்றார். வாசிக்கத் தருவீர்களா ஐயா என்று கேட்டேன். புதிதாக மதத்தலம் கட்டுவதைப் பற்றித்தான் அது சொல்கிறது. "இது வீடு. கட்டி இருபது வருடம். சோலைவரி, வீட்டு வரி, கட்டுகிறார்" என்றேன். சுற்றறிக்கை பாராளுமன்றச் சட்டமும் இல்லை. கிளாக்கராக இருந்தவனுக்கு அந்த வித்தியாசம் சோறு போட்ட வித்தியாசம்.

"வீடென்றால் அந்தப் பெட்டி எதற்கு?" என்று கேட்டார் உத்தியோகத்தர். நல்ல கேள்வி. மருமகன் கூரையைப் பார்த்தார்.

அப்போது மூலையில் இருந்த வட்டவிதானை, வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர், எழும்பினார். நீர்ப்பாசன விஷயமாக வேறு யாரையோ பார்க்க வந்தவர், நெற்றியில் திருநீறு. "அவன்ட வீட்டுக்குள்ள அவன் கும்பிடுறத்துக்கு நாம ஏன் கடதாசி கேக்கணும்? பெட்டியக் குறைக்கச் சொல்லுங்க, புள்ளைகள் படிக்குதுகள்." அவ்வளவுதான் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கால் மணித்தியாலத்தில் முடிந்தது. பெட்டி போனது, ஜெபம் நடக்கிறது. கடைக்காரர் இன்னும் கொப்பியில் எழுதுகிறார்.

அரசாங்கம் எங்கே நிற்க வேண்டும், எங்கே கை வைக்கலாம் என்பதை இதைவிடச் சரியாக யாரும் வெட்டிக் காட்டி நான் கேட்டதில்லை. அவர் மத்தேயுவும் வாசித்திருக்க மாட்டார், ஆக்டனும் வாசித்திருக்க மாட்டார்.

மார்ச் 4

"வட்டவிதானை மனதில் தேவன் பேசினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். அவர் வாய்க்கால் தண்ணீரை வரிசைப்படி பங்கிட்டுப் பழகியவர், அதுவும் இருக்கலாம்.

மார்ச் 9

அரசாங்கத்துக்கு எல்லை வேண்டும் என்று ஆர்ப்பாட்டமாக எழுதும் சகோதரர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் போதகருக்கு எல்லை யார்?

எங்கள் சபையில் குருவானவருக்குச் சில வருடத்தில் மாற்றம் வரும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். உண்டியல் காசை எண்ணுவது உக்கிராணக்காரர், அதாவது காசுக்குப் பொறுப்பான சபையார். வருடக் கூட்டத்தில் கணக்கு வாசிக்க வேண்டும், கிழடுகள் நாங்கள் கேள்வி கேட்போம், ஒரு முறை மின் பட்டியலுக்காக ஒன்றரை மணித்தியாலம். சலிப்பான வேலை. புதிய சபைகள் சிலவற்றில் காணி போதகர் பெயரில், வங்கிக் கணக்கு மனைவி பெயரில், கேட்டால் அபிஷேகம் பண்ணப்பட்டவருக்கு விரோதமாகப் பேசாதே என்று வசனம் வரும். மருமகனுக்கும் இதைச் சொல்லிவிட்டேன். அவர் இப்போது மூன்று பேர் கொண்ட குழு வைத்திருக்கிறார், அதில் ஒருவர் அவருடைய தம்பி. ஆரம்பம் பரவாயில்லை.

மார்ச் 10

இல்லை, தம்பியைக் குழுவிலிருந்து விலக்கச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 24

ஓட்டமாவடியால் வந்தேன். மஜ்மா நகர் பக்கம் திரும்பும்போது 2021 ஞாபகம். கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி போட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியும் விடவில்லை. நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்களை டிசம்பரில் விசாரணைக்கே எடுக்கவில்லை. அதே டிசம்பரில், பிறந்து இருபது நாளே ஆன முஸ்லிம் குழந்தையொன்றைப் பெற்றோர் சம்மதமில்லாமல் எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் உத்தரவு மாறியது, மார்ச் 5இலிருந்து நாடு முழுவதிலுமிருந்து ஜனாசாக்கள், இறந்தவர்களின் உடல்கள், புதைக்க எங்கள் மாவட்டத்து மஜ்மா நகருக்கு வந்தன.

இராயனுடையது எவ்வளவு என்று கேட்டால், செத்த பிள்ளையின் உடம்பு நிச்சயமாக அவனுடையதல்ல. நாங்களும் புதைக்கிறவர்கள். அந்த உத்தரவு எங்கள் வீட்டுச் சாவுக்கும் பொருந்தியது. சில பாதிரிமார் வெளிப்படையாகப் பேசினார்கள். மற்றபடி எங்கள் பக்கத்தில் கேட்டது என்ன? "அது அவர்களுடைய பிரச்சினை." 1612இல் துருக்கனுக்கும் சேர்த்துச் சிறைக்குப் போன ஹெல்விஸை நாங்கள் யாரும் அப்போது நினைக்கவில்லை.

ஏப்ரல் 21

இன்று ஞாயிறு. 2019 ஈஸ்டர் ஞாயிறில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஐந்து வருடம். ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள்.

விவாதம் வேண்டாம் இன்றைக்கு.

ஏப்ரல் 25

அந்த நாட்களைப் பற்றி எழுதச் சொல்லித் தனியாகக் கேட்டார்கள்.

2019 ஏப்ரல் 22இல் அவசரகாலச் சட்டம் வந்தது, ஆகஸ்ட் வரை இருந்தது. 1979இலிருந்து இருக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு. அந்தச் சட்டத்தின் கீழ் காணாமல் போன தமிழ்ப் பையன்களின் தாய்மார் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். 1990இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக முகாமிலிருந்து பஸ்ஸில் ஏற்றிப் போனவர்கள் திரும்பவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் யேசு சபைக் குரு ஹேபர் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து புறப்பட்டவர் வந்து சேரவில்லை. எல்லை இல்லாத அரசாங்கம் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இருந்தும் 2019இல் அந்தச் சட்டம் முஸ்லிம் பையன்கள் மேல் பாய்ந்தபோது, இன்னும் இறுக்குங்கள் என்றோம். துக்கத்தில் இருந்தோம், அது உண்மை. நான் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, அதே வாயால் சாமுவேலை மேற்கோள் காட்டுவதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

சரியான வழியும் ஒன்று நடந்தது. பிள்ளைகளை இழந்தவர்களும் ஒரு கத்தோலிக்கக் குருவும் வேறு பலரும் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போனார்கள். 2023 ஜனவரி 12இல் தீர்ப்பு: தகவல் கிடைத்தும் தடுக்கவில்லை, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும். ஜனாதிபதியாக இருந்த ஒருவரின் சட்டைப்பைக்குள் நீதிமன்றம் கை விட்டதை என் சீவியத்தில் முதல் தடவை பார்த்தேன். எலியா செய்த வேலை அது. செய்தது பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டின் நீதிமன்றம்.

மே 2

"அப்படியென்றால் எங்கள் அரசியலமைப்பு நல்லதா?" என்று திருகோணமலைக்காரர்.

நல்ல வரி ஒன்று உண்டு. 10ஆம் உறுப்புரை, சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் உரிமை. மற்ற உரிமைகளில் பலவற்றுக்குத் தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று வேலி போடலாம், இதற்குப் போட முடியாது. அதற்கு முன்வரியான 9இல் பௌத்தத்துக்கு முதன்மை இடம். இரண்டும் ஒரே வீட்டில் மாமியும் மருமகளும். 2003இல் அருட்சகோதரிகள் சபை ஒன்றைச் சட்டபூர்வமாக்க வந்த சட்டமூலத்தை உயர் நீதிமன்றம் திருப்பியபோது மாமி வென்றார்.

சுதந்திர காலத்து அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு இதைவிட நேரானது. எந்த மதத்தின் வழிபாட்டையும் தடுக்கும் சட்டம் பாராளுமன்றம் போட முடியாது. மதச் சபையொன்றின் யாப்பை அந்தச் சபை சம்மதிக்காமல் மாற்ற முடியாது. ஆனால் அது இருந்தபோதே 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை போனது. 1972இல் புது யாப்பு வந்து அந்த 29ஆம் பிரிவும் போனது.

மே 5

கடைசியாக, தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வா கிறிஸ்தவர் என்பதால்தான் சமஷ்டி கேட்டார், அதனால் என் வாதம் தோற்றது என்று முதல் கேள்விக்காரர் திரும்பி வந்திருக்கிறார். கெட்டிக்காரர்.

செல்வநாயகம் கிறிஸ்தவர்தான், மறைக்கவும் இல்லை, மாறவும் இல்லை. சட்டத்தரணியும்தான். கொழும்பில் குவியும் அதிகாரத்தைப் பிரி என்று 1949இலிருந்து சொன்னார். அந்த யோசனை அவருக்கு வேதாகமத்தில் வந்ததா, நீதிமன்றத்தில் வந்ததா என்று அவர் சொல்லாமல் நான் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்தது அவருக்குப் பின்னால் நின்றவர்களை. 1956இல் மட்டக்களப்பில் அவர் கட்சிக்கு வாக்குப் போட்ட என் அப்பாவின் சிநேகிதர்கள் அத்தனை பேரும் சைவர்கள், கூட்டத்துக்கு வரும்போது தலைவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று கேட்காதவர்கள். கிறிஸ்தவர் ஒருவரை அவர்கள் அப்படி நம்பியதற்கு வேர் எங்கே என்று நீங்கள் சொல்லுங்கள்.

29ஆம் பிரிவைப் பற்றி விரிவாகக் கேட்டவர் தனி இழை தொடங்கட்டும். மலையகத் தமிழரின் வாக்குரிமை பற்றிய கொடக்கன்பிள்ளை வழக்கிலிருந்து தொடங்கலாம், அந்தக் கோப்பில் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.